பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குத் தட்டப்பட்ட கதவு

அத்தியாயம் 6

சோமசேகரம் வரவேற்ற விதத்திலேயே றுவைஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்த மனிதருக்குத் துப்பறிவாளர் தேவையில்லை. காட்டிய இடத்தில் குத்தக்கூடிய ஒரு றப்பர் முத்திரைதான் தேவை.

"கள்ளரைப் பிடிச்சாச்சு, அம்மா," என்றார் அவர், தன் கையாலேயே பிடித்துத் தூணில் கட்டிவிட்டு வந்தவர் மாதிரி. "நீங்கள் ஒரு பக்கத்தில அறிக்கை எழுதிக் கையெழுத்து வைச்சாக் காணும். மூண்டு மணிக்கு நோட்டீஸ் போடவேணும்."

"பிடிச்ச பிறகு எங்களை ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார் அன்னலட்சுமி.

"வெளியாள் ஒருத்தர் சொன்னால் அதுக்கொரு மதிப்பு."

"மதிப்பு உடனேயே தருவம் சேர்," என்றான் றுவைஸ். "உண்மையும் வேணுமெண்டாத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும்."

அன்னலட்சுமிக்கு ஐம்பத்தாறு வயது. துறைமுக வாசல் ஒன்றில் இருபத்தாறு வருடம் அனுமதிச்சீட்டுப் பார்த்தவர். அத்தனை வருடப் பொய்களையும் சிரிக்காமல் கேட்டு முடித்து ஓய்வுபெற்று, அன்புவழிபுரத்தில் தன் வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் ஒன்று திறந்தார். கிண்ணியாக்காரனான றுவைஸ் தன் ஃபோன் திருத்தும் கடையை மூடியதும் அதே மாதம்தான். அன்றிலிருந்து அவன் அவருக்குச் சாரதி, படப்பிடிப்பாளர், தொழில்நுட்ப ஆலோசகர். மூன்று பதவிக்கும் சேர்த்து ஒரு கதிரை கொடுத்திருந்தார்.

சோமசேகரத்தின் நிலையம் திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருந்தது. கப்பலில் பயிற்சி மாலுமியாகப் போக விரும்பும் இளைஞர்களுக்குச் சோதனை வைத்துத் தெரிவுசெய்து அனுப்பும் இடம். இந்த முறை ஆறு இடங்கள், நாற்பது விண்ணப்பங்கள். சோதனை வரும் புதன்கிழமை. வினாத்தாள் நிலையத்தின் இணையத்தளத்தில், அனுமதி உள்ளவர் மட்டும் திறக்கக்கூடிய ஒரு பக்கத்தில் பூட்டப்பட்டிருந்தது. சனிக்கிழமை காலையில் அதன் நான்கு கேள்விகள் ஊருக்குள் உலாவுவது தெரியவந்தது.

பழி விழுந்தது ஷிஃபானாவின் தலையில். அந்த இணையத்தளத்தைக் கட்டியவள் அவள்தான். அவளுடைய தம்பி இஹ்ஸான் அந்த நாற்பது பேரில் ஒருவன். சோமசேகரத்துக்கு இதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. மூன்று மணிக்கு வரப்போகும் நோட்டீஸில் இஹ்ஸானின் பெயர் வெட்டப்படும். ஷிஃபானா வேலையிலிருந்து நீக்கப்படுவாள். காரணமும் பெயரும் விபரமாகத் தளத்தின் முகப்பிலேயே இருக்கும். மூதூரிலிருந்து நிலாவெளி வரை அதை வாசிக்காத ஃபோன் மிஞ்சாது. அதன் பிறகு அவளுக்கு இந்தக் கரையில் யார் வேலை கொடுப்பார்?

இன்று திங்கட்கிழமை. இப்போது நேரம் ஒன்று இருபது.

"ஆதாரத்தைக் காட்டுங்கோ," என்றார் அன்னலட்சுமி.

ஆதாரம் கிருஷாந்தின் கையில் இருந்தது. கிருஷாந்த் நிலையத்தின் 'ஐ.டி. பொறுப்பாளர்'. ஷிஃபானா வந்த நாளிலிருந்து அவருடைய பொறுப்பில் மிஞ்சியது பிரின்டர் மட்டும்தான். அதில் கடதாசி சிக்கினால் இழுத்து எடுப்பார். இன்று அவருடைய முகத்தில் பழைய பதவி திரும்பக் கிடைத்த களை தெரிந்தது.

றுவைஸுக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிற வியாதி உண்டு. வாசலில் வாங்கிய கச்சான் கடலை சுற்றிய கடதாசிச் சுருளைக்கூட வாசித்துக்கொண்டேதான் உள்ளே வந்தான். இப்போது அதைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, அக்கறையோடு கேட்டான்:

"வயித்து வலி இப்ப எப்படி, பிரதர்?"

கிருஷாந்த் திடுக்கிட்டார். "உங்களுக்கு ஆர் சொன்னது?"

"முகத்திலேயே எழுதி இருக்கே."

அன்னலட்சுமி அவனை ஒரு தரம் பார்த்தார். பிறகு கடதாசியைப் பார்த்தார். அதில் மூன்றே மூன்று வரிகள்.

"இதுதான் முழுக்கதை," என்றார் கிருஷாந்த். "வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. முன் மேசைக் கொம்பியூட்டர். ஷிஃபானா லொகின் பண்ணியிருக்கிறா. அடுத்த செக்கனே வினாத்தாள் பக்கம். நாலு செக்கனில வெளியேறியிருக்கிறா. ஃபோனில படம் எடுக்க நாலு செக்கன் தாராளம்."

"வெள்ளி மத்தியானம் மற்றாக்கள் எங்கை?"

வெள்ளி மத்தியானத்தில் திருகோணமலை அலுவலகம் ஒன்றில் ஆளைக் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. ஒரு பாதி ஜும்ஆவுக்குப் போகும். மறு பாதி காளி கோயில் பூசைக்குப் போகும். மிச்சமிருப்பவர்கள் இரண்டு பாதியையும் சாட்டாக வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள்.

"நான் கோயிலில," என்றார் கிருஷாந்த்.

"நானும் கோயிலிலதான்," என்றார் சோமசேகரம். "வெள்ளிக்கிழமை எனக்கு விரதம். என்ர மனுசி இராசமலர் வைச்ச நேர்த்தி. பின்னேரம் வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லில படாது."

சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். பக்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று றுவைஸ் நினைத்துக்கொண்டான்.

---

ஷிஃபானாவைத் தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்திருந்தார்கள். கணினியைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. அழுது வீங்கிய முகம் ஒன்றை எதிர்பார்த்துப் போன றுவைஸுக்கு ஏமாற்றம். அவள் கோபத்தில் இருந்தாள்.

"நான் அந்தப் பக்கத்துக்குப் போகல்ல, நானா. லொகின் பண்ணினன், அது தானா என்னைக் கொண்டுபோய் அங்க விட்டிச்சு. நான் உடன மூடிட்டன். இதத்தான் சனிக்கிழமையில இருந்து சொல்றன். ஒரு ஆளும் கேக்குறாங்க இல்ல."

"கொம்பியூட்டர் தானா நடந்து போனதாம்," என்று சிரித்தார் கிருஷாந்த்.

"அந்த நேரம் நீங்கள் எங்கையிருந்து வந்தனீங்கள், பிள்ளை?" என்று கேட்டார் அன்னலட்சுமி.

"அடுத்த லேன்ல என்ட கூட்டாளி றிஷானாட வீட்ட லுஹர் தொழுதுட்டு வந்தன். ஒரு மணிக்குக் கொஞ்சம் முந்தி. கதவு திறந்து கிடந்திச்சு, உள்ளுக்க ஒருத்தரும் இல்ல."

அன்னலட்சுமி கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டார். "நான் வாசலில நிண்ட ஆள். உங்கட கொம்பியூட்டர் வாசலைப் பற்றி எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

அவளிடம் கேட்ட முதல் மரியாதையான கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஷிஃபானா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரூட் கார்ட் எண்டு சொல்லுவம். ஒரு பக்கத்தில இருந்து மத்தப் பக்கத்துக்குப் போகக்குள்ள நடுவில நிண்டு கேக்கிற காவல். நீ யாரு, உனக்கு இங்க அனுமதி இருக்கா எண்டு பாக்கும். லொகின் இல்லாட்டி, லொகின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும். வெளிய போகக்குள்ளயும் ஒண்டு இருக்கு. எழுதினதப் போடாம அரைகுறையா உட்டுட்டுப் போனா, 'போகவா?' எண்டு கேக்கும்."

"அது பெரிய கரைச்சல்," என்று இடையில் விழுந்தார் சோமசேகரம். "முதலாளி எழும்பிப் போகேக்க வேலைக்காரன் மறிச்சுக் கேள்வி கேக்கிற மாதிரி. எடுத்துவிடச் சொன்னனான், எடுக்கேல்லை."

"நீங்க ஒவ்வொரு நோட்டீஸையும் பாதியில உட்டுட்டுப் போறதாலதான் சேர் அதையே போட்டன்."

றுவைஸுக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப் போயிற்று.

அன்னலட்சுமி மறுபடி அந்த மூன்று வரிகளைப் பார்த்தார். "கிருஷாந்த், நீங்கள் இந்தப் பிள்ளையின்ர பெயரைப் போட்டுத் தேடித்தானே இதை எடுத்தனீங்கள்?"

"ஓம்."

"பெயரில்லாத வரியளையும் எடுங்கோ."

"பெயரில்லாட்டி ஆளே இல்லையே, அம்மா."

"வாசலில பெயர் எழுதினவனுக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை, தம்பி. எடுங்கோ."

கிருஷாந்த் பெருமூச்சோடு எடுத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பெயரில்லாத வரி ஒன்றே ஒன்று இருந்தது. பன்னிரண்டு நாற்பத்தொன்று. முன் மேசைக் கணினி. வினாத்தாள் பக்கம். லொகின் இல்லை. மறுக்கப்பட்டது. லொகின் பக்கத்துக்கு அனுப்பப்பட்டது.

ஷிஃபானா எழுந்தே விட்டாள். "எனக்கு முந்தி யாரோ தட்டியிருக்காங்க! காவல் மறிச்சு அனுப்பக்குள்ள, அந்த ஆள் போக நினைச்ச இடத்தையும் அட்றஸில சேத்து வச்சுக்கொள்ளும். லொகின் பண்ணினதும் நேரா அங்கேயே கொண்டுபோய் விடும். ஆக்களுக்கு லேசா இருக்கட்டுமெண்டு நான்தான் அப்படி எழுதினன். லொக்கப் பாக்க என்னை விட்டிருந்தா சனிக்கிழமையே சொல்லியிருப்பனே!"

கிருஷாந்த் வாயைத் திறந்து மூடினார். றுவைஸுக்கும் பாதிதான் விளங்கியது. ஆனால் தொழில்நுட்ப ஆலோசகர் என்ற பதவியைக் காப்பாற்றத் தலையை ஆட்டினான்.

அன்னலட்சுமிக்கு முழுதாகவே விளங்கியிருந்தது. "இதுதானே எங்கட வாசலிலையும் நடக்கிறது. சீட்டில்லாமல் ஒருத்தர் மூண்டாம் இறங்குதுறைக்குப் போக வருவார். 'சீட்டு அறைக்குப் போங்கோ' எண்டு அனுப்புவன். எங்கை போக வந்தவர் எண்டு ஒரு துண்டில எழுதியும் குடுப்பன். அவர் அந்தத் துண்டை மேசையில போட்டிட்டுக் கோவிச்சுக்கொண்டு வீட்டுக்குப் போவார். அடுத்ததா வாற பாவப்பட்ட சீவனுக்குச் சீட்டும் குடுத்து, அந்தத் துண்டையும் பார்த்து, மூண்டாம் இறங்குதுறைக்கு ஏத்தி அனுப்புவினம்."

"செய்து பாப்பம்," என்றான் றுவைஸ்.

அதற்கு வினாத்தாள் பக்கத்தின் முழு முகவரி வேண்டும். முகவரியின் பின்னால் ஒரு நீண்ட இலக்கம் உண்டு. அது மூன்று பரீட்சகர்களுக்கு மட்டும் மின்னஞ்சலில் போனது என்றாள் ஷிஃபானா. கொழும்பில் இரண்டு பேர். மூன்றாவது சோமசேகரம்.

"என்ர மெயிலைத் திறந்து தாறது கிருஷாந்த்தான்," என்றார் சோமசேகரம் அவசரமாக.

கிருஷாந்தின் முகம் வெளிறியது. வயிற்று வலி திரும்ப வந்துவிட்டது போலிருந்தது. கள்ளனைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் றுவைஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

முன் மேசைக் கணினியில் முகவரியைப் போட்டார்கள். காவல் மறித்தது; லொகின் பக்கம் வந்தது. "வாங்கோ சோமசேகரம், நீங்களே உள்ளுக்குப் போங்கோ," என்றார் அன்னலட்சுமி.

"எனக்குப் பாஸ்வேட் ஞாபகமில்லை. என்ர அறையில அது ஒண்டும் கேக்கிறேல்லை, என்னைத் தெரியும். இந்தச் சனியன்தான் ஆரெண்டு கேக்குது."

அன்னலட்சுமி ஷிஃபானாவைக் கூப்பிட்டார். அவள் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினாள். வேறு எதையும் தொடவில்லை. திரையில் வினாத்தாள் வந்து நின்றது.

அன்னலட்சுமி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஆறாம் கேள்வியை மட்டும் உரக்க வாசித்தார். "'கப்பலின் இடது பக்க விளக்கு சிவப்பாக இருப்பது ஏன்?' வெளியில போன கேள்வியளில இதுவும் ஒண்டோ?"

"ஓம். ஐஞ்சாம் கேள்வியில இருந்து எட்டாம் கேள்வி வரை போயிருக்குது," என்றார் சோமசேகரம்.

"மற்றக் கேள்வியள்?"

"மற்றது தெரியாதாம். இறக்கக்கண்டிப் பெடியன் பாஹிம், அவனும் சோதினை எழுதிறவன், அவன்தான் சனிக்கிழமை எனக்கு ஃபோன் எடுத்துச் சொன்னவன்."

"நாலே நாலு கேள்வி, அதுவும் நடுவில இருந்து," என்றான் றுவைஸ். "அளவு சாப்பாட்டுக் கள்ளனா இருப்பான்."

சோமசேகரம் சிரிக்கவில்லை. அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். இன்னொன்றும் குடித்தார். "எப்பிடிப் போனாலும் போனதுதானே," என்றார், குரலைச் செருமிக்கொண்டு. "ஆரோ தட்டினது, ஆரோ துண்டு விட்டது, எனக்குத் தேவையில்லை. கேள்வியைப் பார்த்தது இவ. தம்பிக்காரன் சோதினை எழுதிறான். மூண்டு மணிக்கு நோட்டீஸ் போகும்."

றுவைஸுக்கு இரத்தம் கொதித்தது. அந்தப் பெண் சொன்னதெல்லாம் கண்முன்னால் உண்மையாகிவிட்டது. அதற்குப் பிறகும் இந்த மனிதர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஷிஃபானா தானாகவே எழுந்து போய் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டாள்.

---

வீதியில் வெயில் கொளுத்தியது. மணி இரண்டு ஐந்து. றுவைஸ் முச்சக்கர வண்டியின் நிழலில் நின்று, ஷிஃபானா கொடுத்த இலக்கத்தில் பாஹிமுக்கு அழைப்பெடுத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"நான் சேருக்கு எடுத்தது நல்லதுக்குத்தான்," என்றான் பாஹிம். "ஆறாம் கேள்வியில இடது பக்க லைட் பச்சை எண்டு போட்டிருந்தாங்க. இறக்கக்கண்டியில சின்னப் புள்ளைக்கும் தெரியும் அது சிவப்பெண்டு. சோதினைக்கு முந்தித் திருத்துங்க சேர் எண்டு சொன்னன். அதுக்கு அவரு, சொன்னத முழுக்கக் கேக்காமலே என்னைப் புடிச்சு ஏசுறாரு."

வெளியான வினாத்தாளில் உள்ள பிழையைத் திருத்தச் சொல்லி, வினாத்தாள் போட்டவருக்கே அழைப்பெடுத்த நல்ல மனிதன். இவனைக் கப்பலில் ஏற்றினால் கப்பல் கரை சேரும் என்று றுவைஸுக்குத் தோன்றியது.

"பச்சையா? நல்லா ஞாபகமோ, தம்பி?" என்று குனிந்து கேட்டார் அன்னலட்சுமி.

"கண்ணால கண்டனான்."

"எங்கை கண்டனீங்கள்?"

"அத மட்டும் கேக்காதீங்க. என்ட பேரையும் வெட்டிப்போடுவாங்க. இஹ்ஸான் பாவம், எங்களோட அவன் இருக்கவே இல்ல. அவனுக்கு ஒண்டும் தெரியா." தொடர்பு அறுந்தது.

அன்னலட்சுமி உடனே ஷிஃபானாவை ஃபோனில் அழைத்தார். ஆறாம் கேள்வி எப்போது திருத்தப்பட்டது? அவள் மறுமொழி தயாராக வைத்திருந்தாள். வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணி. கொழும்புப் பரீட்சகர் ஒருவர் பிழை சொல்ல, சோமசேகரம் உரக்க ஏசிக்கொண்டே அப்போதே பச்சையைச் சிவப்பாக மாற்றினாராம்.

"அப்ப முடிஞ்சுது!" றுவைஸ் துள்ளினான். "அந்தப் புள்ள பாத்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை திரையில சிவப்பு. ஊருக்குள்ள திரியிறது பச்சை. வாங்க அக்கா, உள்ள போய்ச் சொல்லுவம்."

"சொன்னால் 'வியாழக்கிழமையும் பார்த்திருப்பா' எண்டுவார். அந்தப் பச்சை இப்ப எங்கை இருக்கெண்டு காட்டவேணும்." அவர் வெயிலைப் பார்த்தபடி நின்றார். பிறகு திடீரென்று கேட்டார்: "றுவைஸ், கிருஷாந்தின்ர வயித்து வலி உமக்கு எப்பிடித் தெரியும்?"

"வாசிச்சன். 'கடுமையான வயிற்று வலி காரணமாக இரண்டு நாள் லீவு தரும்படி.' கீழ கையெழுத்தும் இருந்திச்சு."

"எதில?"

"கச்சான் சுருள்ல."

"அது இப்ப எங்கை?"

றுவைஸ் திரும்பிப் பார்த்தான். ஐந்து நிமிடத்துக்கு முன் அவன் தூக்கி எறிந்த இடத்தில் திருகோணமலை வீதிகளில் மாடு மாதிரித் திரியும் மான்களில் ஒன்று நின்று, கிருஷாந்தின் வயிற்று வலியை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

ஐம்பத்தாறு வயது அன்னலட்சுமி ஓடியதை அன்றுதான் அவன் முதல் தடவை பார்த்தான். மான் ஒரு பக்கம் இழுத்தது, அவர் ஒரு பக்கம் இழுத்தார். கடைசியில் வயிற்று வலி மானுக்கும், மேல் பாதி அவருக்குமாகப் பங்கு பிரிந்தது. அந்த மேல் பாதியில் சோமசேகரம் நிலையத்தின் நங்கூர முத்திரை பளிச்சென்று இருந்தது.

கச்சான் வண்டி நிலையத்துக்கு எதிர்ப்புறம், மரநிழலில்தான் நின்றது. வண்டிக்காரர் ஹிஸ்புல்லா வாணலியைக் கிளறிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு சுருள் தாங்க நானா," என்றான் றுவைஸ். "இந்தக் கடதாசியெல்லாம் எங்கால வருது?"

"சேர்தான் தருவாரு." ஹிஸ்புல்லா தாடையால் எதிர்ப்புறத்தைக் காட்டினார். "வெள்ளிக்கு வெள்ளி மத்தியானம், எல்லாரும் போன பொறகு, பழைய பேப்பர்க் கட்டோட அவரே வருவாரு. ரெண்டு சுருள் கச்சான் நிண்டு தின்னுட்டுத்தான் போவாரு. 'வீட்டில தெரியக்கூடா' எண்டு ஒவ்வொரு கிழமையும் சொல்லுவாரு. நான் என்னத்துக்குச் சொல்லப்போறன்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாணலியை வேகமாகக் கிளறினார்.

"போன வெள்ளியும் வந்தவரோ?" அன்னலட்சுமியின் குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

"ஓம். நான் ஜும்ஆ முடிஞ்சு வந்த கையோட, ஒரு மணி ஆகக் கொஞ்சம் கிடந்திச்சு. கொம்பியூட்டர் தன்னையே யாரெண்டு கேக்குதாம், ஏசிக்கிட்டே வந்தாரு. அண்டைக்குப் பின்னேரம் சேட்டிபிக்கட் குடுக்க வந்த பொடியனுகள் கொஞ்சப் பேர் இங்கதான் கச்சான் வாங்கிட்டு டச்பே கடற்கரைப் பக்கம் போனாங்க."

றுவைஸ் தன் ஃபோனை எடுத்துப் பாஹிமுக்கு ஒரே வரி அனுப்பினான்: 'கச்சான் சுத்தின கடதாசியா? பேர் வெட்ட விடமாட்டம்.' இரண்டு நிமிடத்தில் ஒரு படம் வந்தது. எண்ணெய் ஊறி, சுருள் மடிப்பு அப்படியே இருந்த ஒரு தாள். ஐந்தாம் கேள்வியிலிருந்து எட்டாம் கேள்வி வரை. அடியில் 'பக்கம் 2'. ஆறாம் கேள்வியில் 'பச்சை' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம், பக்கத்தில் 'சிவப்பு!! உடன் திருத்தவும்' என்று எழுதி, தேர்வடம் மாதிரிப் பின்னிப் பிணைந்த ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை மான் விட்டுவைத்த பாதியிலும் பார்க்கலாம். லீவு விண்ணப்பத்தின் மேல் ஓரத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று ஒப்பமிட்ட சோமசேகரத்தின் கையெழுத்து அது.

---

இரண்டு ஐம்பதுக்கு எல்லோரும் சோமசேகரத்தின் அறையில் நின்றார்கள். நோட்டீஸ் எழுதும் பக்கம் திறந்திருந்தது. அவருடைய கணினி அவரை யாரென்று கேட்கவில்லை. ஷிஃபானாவையும் அன்னலட்சுமி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"அறிக்கை தயாரோ?" என்று கேட்டார் சோமசேகரம்.

"தயார். வாசிக்கிறன், கேளுங்கோ. வியாழக்கிழமை ஒருத்தர் வினாத்தாளைத் தன்ர அறையில பிரின்ட் எடுத்தவர். திரையில வாசிக்கிறது அவருக்குப் பழக்கமில்லை. ரெண்டாம் பக்கத்தில பிழை. சிவப்பு மையால திருத்தி, திரையில மாத்திப்போட்டு, பழுதான தாளைப் பழைய கடதாசிக் கட்டோட போட்டவர். வெள்ளி மத்தியானம் அவருக்குத் திரும்பவும் ஒரு சந்தேகம் வந்திருக்குது. வெளியில போற வழியில முன் மேசைக் கொம்பியூட்டரில, கிருஷாந்த் திறந்து வைச்ச மெயிலில இருந்து லிங்க்கைத் திறந்தவர். அது ஆரெண்டு கேட்டது. பாஸ்வேட் தெரியாது. ஏசிப்போட்டு, அப்பிடியே திறந்தபடி விட்டிட்டு, கதவையும் திறந்தபடி விட்டிட்டு, கடதாசிக் கட்டைத் தூக்கிக்கொண்டு..." அவர் நிறுத்தினார். "கோயிலுக்குத்தானே போனனீங்கள்?"

சோமசேகரம் மறுபடியும் தண்ணீர்க் கிளாஸைத் தேடினார்.

றுவைஸ் ஃபோனிலிருந்த படத்தை அவருக்கு முன்னால் வைத்தான். பக்கத்தில் மான் கடித்த பாதியை வைத்தான். கிருஷாந்த் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ர லீவுக் கடிதம்!" என்று அலறினார்.

"ஓம் பிரதர். சுகமானதில எங்களுக்குச் சந்தோசம்."

"தெரியாமல் நடந்தது," என்றார் சோமசேகரம் ஒரு வழியாக. "கடதாசி வீணாப் போகக்கூடாதெண்டுதான்..."

"தெரியாமல் நடந்தது ரெண்டு மணி வரைக்கும்." அன்னலட்சுமியின் குரலில் முதல் தடவையாகச் சூடு ஏறியது. "அந்தப் பிள்ளை லொகின் பண்ணி, தாள் திரையில வந்து நிண்ட உடனே உங்களுக்கு விளங்கிட்டுது, அந்தத் துண்டை விட்டது நீங்கள்தான் எண்டு. ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சனீங்கள். அதுக்குப் பிறகும் நோட்டீஸ் போகும் எண்டு சொன்னனீங்கள். அதுதான் களவு."

ஷிஃபானா அவரைப் பார்த்தாள். "நான் பக்கத்துக்குத்தான் சேர் காவல் வச்சன். பிரின்டருக்கு வைக்கல்ல. உங்கள நம்பினன்."

சோமசேகரம் கதிரையில் சரிந்து உட்கார்ந்தார். "இப்ப என்ன செய்யச் சொல்லுறீங்கள்? அறிக்கையில என்ர பெயரைப் போடாதேங்கோ. இராசமலர் இந்தத் தளத்தைப் பாக்கிறவ."

"அறிக்கை தேவையில்லை. நோட்டீஸ் போதும். எழுதுங்கோ: வினாத்தாள் என் கவனயீனத்தால் வெளியானது. ஷிஃபானா குற்றமற்றவர். இஹ்ஸான் உட்பட நாற்பது பேருக்கும் புதிய வினாத்தாளுடன் சோதனை நடைபெறும். கச்சானைப் பற்றி எழுதத் தேவையில்லை. அது உங்களுக்கும் அம்மனுக்கும் இடையில உள்ள விஷயம்."

அவர் எழுதினார். இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தையும் பல் பிடுங்குவது மாதிரி எழுதினார். 'கவனயீனம்' என்ற சொல்லில் மட்டும் மூன்று நிமிடம் போயிற்று. கடைசி வரி முடிந்ததும் 'வெளியிடு' என்ற பொத்தானுக்கு மேல் அம்புக்குறி வந்து நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

அப்போது சோமசேகரத்தின் முகத்தில் ஒரு பழைய வெளிச்சம் வந்தது. அம்புக்குறி மெல்ல நகர்ந்து, ஒருவரும் கவனிக்காதது போல, 'முகப்பு' என்ற பொத்தானுக்குப் போய் அதைத் தட்டியது.

பக்கம் மாறவில்லை. திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

'நீங்கள் எழுதியது இன்னும் வெளியிடப்படவில்லை. இந்தப் பக்கத்தை விட்டுப் போகவா?'

கீழே இரண்டு பொத்தான்கள். 'போகிறேன்.' 'இருக்கிறேன்.'

நான்கு பேர் அவருடைய தோளுக்கு மேலால் அதை வாசித்தார்கள். கிருஷாந்த் கூட உதடசைத்து வாசித்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்றாக ஒரு நிமிடம் இருந்தது.

"கேக்குது சேர்," என்றாள் ஷிஃபானா. "மறுமொழி சொல்லுங்க."

சோமசேகரம் 'இருக்கிறேன்' என்பதைத் தட்டினார். பிறகு 'வெளியிடு' என்பதையும் தட்டினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

வெளியே வந்து முன் மேசைக்கு வந்தபோது ஷிஃபானாவின் ஃபோன் சிணுங்கியது. தம்பியிடமிருந்து செய்தி. அவள் வாசித்தாள். அவளுக்குத் தெரியாமல் றுவைஸும் வாசித்தான், வியாதி அப்படி.

'ராத்தா, என்ட பேர் இருக்கு.'

சனிக்கிழமையிலிருந்து அழாத பெண் அப்போதுதான் அழுதாள். முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். அன்னலட்சுமி பக்கத்தில் போய் நின்றார். அழும் பெண்களுக்கு முன்னால் றுவைஸுக்கு எந்தப் பகிடியும் வருவதில்லை. பையைத் தடவினான், கச்சான் சுருள் கையில் பட்டது.

எடுத்தான். கடதாசியை முன்னும் பின்னும் திருப்பி ஒழுங்காக வாசித்துப் பார்த்தான். அதன் பிறகுதான் அவளிடம் நீட்டினான்.